ஒரு மடக்குத் தண்ணீர்

எங்கள் பட்டாலியனில் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று இருந்தது. செத்துப்போனவன் வீட்டுக்குத் துக்கம் சொல்லப் போகிறவன் இரண்டே வாக்கியம்தான் சொல்ல வேண்டும். 'உடனே போய்விட்டான். வலி தெரியவில்லை.' எப்படிச் செத்திருந்தாலும் இதேதான். பஞ்சாபில் ஒரு வீட்டில் இந்தியில் சொன்னார்கள், பாலக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் மலையாளத்தில் சொன்னார்கள். இலத்தூரில் ஒரு வீட்டில் தமிழில் சொல்ல வேண்டியவன் நானாகிப்போனேன். நம் ஊர்ப் பெண்கள் இரண்டு வாக்கியத்தோடு ஆளை விட்டுவிடுகிறவர்களா என்ன?

நான் பாராசூட் படையில் பதினேழு வருடம் இருந்தவன். இப்போது தென்காசியில் சொந்த வீடு, முட்டிவலி, காலையில் பேப்பர். சுதந்திர தினத்துக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு வீரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள். போன வருடம் மேடை ஏறும் முன்னால் தலைமையாசிரியர் என் காதோரம் வந்து, இலங்கை வேண்டாம் சார், பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்கும், வேறு சண்டை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். ஓட்டலில் இட்லி இல்லையென்றால் தோசை கேட்கிற மாதிரி கேட்டார். என்னிடம் வேறு சண்டை இல்லை. ஒழுங்காகப் பல் தேய்க்க வேண்டும், சாலையில் இடதுபுறம் நடக்க வேண்டும் என்று பேசிவிட்டு, கொடுத்த மிட்டாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செத்துப்போன அவன் இலத்தூர்க்காரன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் ஆளெடுப்புக்குப் போய், ஒரே ரயிலில் வடக்கே போனவர்கள். எங்கள் கம்பெனியில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். படையில் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஜோடி உண்டு. தின்பது, தூங்குவது, காவல் நிற்பது எல்லாம் ஜோடியாகத்தான். விமானத்திலிருந்து குதிக்கும்போது வரிசையில் முன்னால் நிற்கிறவன் முதுகைப் பின்னால் நிற்கிறவன் பார்க்க வேண்டும். பட்டை சரியாக இருக்கிறதா, முடிச்சு சரியாக இருக்கிறதா, பாராசூட்டை இழுத்துத் திறக்கிற நாடாவின் கொக்கி தலைக்கு மேலே ஓடுகிற கம்பியில் பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தோளில் தட்ட வேண்டும். எப்போதும் அவன் முன்னால், நான் பின்னால்.

பயிற்சியின்போது ஒரு தடவை அவன் கொக்கியை மாட்டியிருந்தான், பூட்டவில்லை. கதவு திறந்தாகிவிட்டது, காற்று காதைப் பிய்க்கிறது, முன்னால் நாலு பேர் போய்விட்டார்கள். நான் அவன் தோளில் தட்டவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்து, கொக்கியைப் பூட்டிவிட்டுத்தான் தட்டினேன். கீழே இறங்கியபின் மண்ணில் உட்கார்ந்து ஒரு பீடியை முழுதாகக் குடித்து முடித்தான். அன்றைக்கே ஊருக்குக் கடிதம் எழுதினான். அப்போதுதான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. 'இவன் எனக்குப் பின்னால் நிற்கிறவரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகாது' என்று பெண்டாட்டிக்கு எழுதியிருந்தான். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அந்தக் கொக்கி எனக்கும் ஒரு பாடம் சொல்லிவிட்டது. சொன்னதைச் சொன்னபடி செய்தால் ஆள் பிழைக்கும், இல்லையென்றால் செத்துப்போகும். சட்டத்தில் ஏன் என்று கேட்க ஒன்றுமில்லை. அந்த வயதில் அதை நான் அப்படியே எலும்பில் ஏற்றிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

குதிக்கக் கற்றவர்களை அமைதிப்படை என்று சொல்லி இலங்கைக்குச் சண்டைக்கு அனுப்பினார்கள், ஆனால் குதிக்க விடவில்லை. விமானம் யாழ்ப்பாணத்தில் தரையில் இறங்கியது, நாங்கள் பின்கதவு வழியாக மூட்டையோடு நடந்து இறங்கினோம். அதற்குப் பிறகு எல்லாமே நடைதான். பனங்காடு, செம்மண், தென்னங்கீற்று வேலி போட்ட சின்னச் சின்னச் சந்துகள், அங்கே அதற்கு ஒழுங்கை என்று பெயர். தமிழ் தெரியும் என்பதால் எங்கள் இருவரையும் முன்னால் விட்டார்கள். வீட்டுக்கு வெளியே வாங்க, கையைத் தூக்குங்க என்று நாங்கள்தான் சத்தம் போட வேண்டும். இந்திக்காரன் அதட்டினால் அந்த ஜனங்கள் பயப்பட்டார்கள். நாங்கள் அதட்டினால் முகத்தை நேராகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்குவது கஷ்டம். அவன் ஒரு நாள் என்னிடம், நம்ம ஊர்ல அக்காமாருட்ட இப்படிப் பேசுனா செருப்பால அடிச்சிருப்பாளுவ என்றான்.

வீடு தவறாமல் கிணறு இருந்தது. ஆனால் கிணற்றுத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று உத்தரவு. விஷம் கலந்திருக்கும் என்று பேச்சு. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், அடுத்த வண்டி வருகிறவரைக்கும் அதுதான்.

அவன் விழுந்தது ஒரு காலை நேரம். ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்தோம், பனைகளுக்குள்ளிருந்து சுட்டார்கள். அவனுக்கு அடிவயிற்றில் பட்டது. நான் அவனை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு முற்றத்துக்குள் போய், கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் படுக்கவைத்தேன். மற்றவர்கள் வேலியோரமாகப் படுத்துப் பதிலுக்குச் சுட்டார்கள். வயர்லெஸ்ஸில் கேட்டதற்கு, வழியில் கண்ணிவெடி இருக்கிறது, எடுத்து முடித்தபிறகுதான் வண்டி வரும் என்றார்கள். கட்டுப்போட்டேன். ஊசி போட்டேன். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வயிற்றில் குண்டு பட்டவனுக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் செத்துப்போவான். உதட்டை நனைக்கலாம், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேட்க ஆரம்பித்தான்.

"ஏலே, ஒரு மடக்கு தாலே."

வண்டி வரட்டும், வந்ததும் குடிக்கலாம் என்றேன். கைக்குட்டையை நனைத்து உதட்டில் வைத்தேன். சும்மா இருந்தான். திரும்பவும் கேட்டான். திரும்பவும் நனைத்தேன். மூன்றாவது தடவை வைத்தபோது கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு உறிஞ்சினான். நான் பிடுங்கினேன். விடவில்லை. தாடையை அழுத்திப் பிடித்துப் பிடுங்கினேன்.

அந்த வீட்டில் ஒரு அம்மாள் இருந்தாள். எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறாள். தண்ணி தண்ணி என்று ஒருவன் தமிழில் கேட்பதை எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்? கதவைத் திறந்து, செம்பில் தண்ணீரோடு குனிந்தபடியே வந்தாள். அவள் ஊரில் நாங்கள் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு அவள் எங்கள் முகத்தில் துப்பியிருக்கலாம்.

"பிள்ளை தண்ணி கேக்குது தம்பி, குடுங்கோவன்."

நான் துப்பாக்கிக் கட்டையால் செம்பைத் தட்டிவிட்டேன். அது கிணற்றடியில் உருண்டது. அவள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் தலையைத் திருப்பி ஈரமாகிக் கிடந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என்னை ஆபீசர் என்று நினைத்துக்கொண்டான். "சார், ஒரு மடக்கு சார்" என்று மரியாதையாகக் கேட்டான். குண்டடி பட்டு ஆறு மணி நேரம் கழித்துப் போனான். அதுவரைக்கும் என் பாட்டிலில் முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது. அவன் கண்ணை மூடிவிட்டு, பாட்டிலைத் திறந்து அவ்வளவையும் நான் குடித்தேன். தாகம்.

சாயங்காலம் வந்த பட்டாலியன் டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் இவன் பிழைத்திருக்க மாட்டான் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்று முதுகில் தட்டினார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வார்த்தைக்கு அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவனை அங்கேயே எரித்தார்கள். அவன் பெட்டியையும் சிவப்புத் தொப்பியையும் எடுத்துக்கொண்டு நான் இலத்தூருக்கு வந்தேன். வீடு நிறையப் பெண்கள். அவன் பெண்டாட்டிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்திருந்தாள். நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். உடனே போயிட்டான், வலி தெரியல. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"வாயில தண்ணி ஊத்துனது ஆரு?"

வேறெதுவும் கேட்கவில்லை. எங்கே பட்டது, யார் சுட்டது, எதற்காகச் சண்டை, ஒன்றும் இல்லை. போகிற உயிருக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். விடாமல் போனால் அந்த உயிருக்குத் தாகம் தீராது, தெருத் தெருவாக அலையும். நம் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எந்த டாக்டரும் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தராத அந்தச் சட்டம் எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். கிணற்றடியில் ஆறு மணி நேரமும் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

கொஞ்ச நேரம் உயிர் இருந்தது, நான்தான் ஊற்றினேன், குடித்துவிட்டுத்தான் போனான் என்றேன்.

அவள் எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் மறுபடி அழுதார்கள். அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது. நான் கையை உருவிக்கொண்டு வெளியே வந்து தெருவில் நின்றேன்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணாச்சி. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மறு கல்யாணம் என்று பேச்செடுத்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்துத் தென்காசிக்கு வந்தாள், தங்கையோடு இருந்தாள். வருடா வருடம் ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் அவள் கொழுந்தன் எள்ளும் தண்ணீரும் விடுவான். பிறகு வீட்டில் சாப்பாடு. முதல் இலை எனக்குத்தான் போடுவாள். சொந்தக்காரர்கள் முனங்கினால், அவுக வாயில தண்ணி ஊத்துன கை இது, இந்தக் கைக்குப் பொறவுதான் ஆரும் என்பாள். அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து முப்பது வருடத்துக்கு மேல் தின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரிக்குக்கூட விஷயம் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கிட்னி போய்விட்டது. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். தங்கைக்கு இடுப்பு சரியில்லை என்பதால் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலைதான். அந்த நோய்க்கு மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை, தண்ணீர்தான் கொடுமை. ஒரு நாளைக்கு அரை லிட்டர், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து. கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தங்கை காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள்.

ஆனி, ஆடியில் தென்காசியில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாள் பூராவும் சாரல். துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும், குற்றாலம் ரோட்டில் ஈரத்துண்டோடு கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஊரே தண்ணீரில் கிடக்க, இவள் ஆட்டோவுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிச் சாரலைப் பிடித்து நக்குவாள். சின்னப் பிள்ளையா நீ என்று நான் ஏசுவேன். அவள் சிரித்துக்கொண்டே சேலையில் கையைத் துடைப்பாள். இரண்டு தெரு தாண்டியதும் மறுபடி நீட்டுவாள்.

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் தங்கை ஆலங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். என்னைத் துணைக்கு இருக்கச் சொல்லியிருந்தாள். மத்தியானத்துக்குள் இவள் அரை லிட்டரையும் முடித்துவிட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவள் கட்டிலில் படுத்திருந்தாள். ஓட்டுக்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தமே அவளை என்னவோ செய்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, ஒரு மடக்கு தாங்க."

அதே வார்த்தை. கூடாது, தங்கை வரட்டும் கேட்டுக்கலாம் என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவள் கெஞ்சினாள். பிறகு கோபப்பட்டாள். கடைசியில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அவுகளுக்குக் குடுத்தீகள்லா? எனக்கு மட்டும் என்ன?"

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் எடுத்தேன். ஒரு மடக்கில் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று தெரியும். கொடுத்துவிட்டிருக்கலாம். கொடுத்திருந்தால் அந்தப் பொய்யும் என்னோடு சுடுகாடு வரைக்கும் வந்திருக்கும். ஆனால் டம்ளரோடு அவள் முன்னால் போய் நின்றபோது, அவள் பார்த்தது தண்ணீரை அல்ல, என் வலது கையை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அவனுக்கும் நான் குடுக்கலம்மா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நான் கட்டில் ஓரத்தில் டம்ளரை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடி, கைக்குட்டை, அந்த அம்மாள் கொண்டுவந்த செம்பு. அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் அழவில்லை.

"எவ்ளோ நேரம் இருந்தாக?"

"ஆறு மணி நேரம்."

"அவ்ளோ நேரமும் கேட்டாகளா?"

"கேட்டான்."

"உங்ககிட்ட தண்ணி இல்லையா?"

"இருந்துது."

"அத என்ன செஞ்சீக?"

இந்த ஒன்றையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். கொட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் பொய் சொன்னவனுக்கு இன்னொரு பொய் பெரிய பாரமா?

"அவன் போனதுக்குப் பொறவு நான் குடிச்சேன்."

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தங்கை வருகிறவரைக்கும் அப்படியே கிடந்தாள். நான் ஊற்றிவைத்த தண்ணீரை அவள் தொடவில்லை.

இனி என்னை வாசப்படி ஏற விடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை போனபோது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். கையை வெளியே நீட்டவில்லை. ஆடி அமாவாசைக்குத் தங்கை போன் பண்ணிச் சாப்பிட வரச் சொன்னாள். போனேன். முதல் இலை கொழுந்தனுக்குப் போட்டிருந்தது. எனக்குக் கடைசிப் பந்தியில் கிடைத்தது. சோறு சோறுதான், உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதற்கடுத்த வாரத்திலிருந்துதான் இது ஆரம்பித்தது. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் தன் பங்குத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டு என் எதிரில் உட்காருவாள். அண்ணாந்து, கொஞ்சம் கொஞ்சமாக, வாயில் வைத்திருந்து குடிப்பாள். ஒரு மடக்கு மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிட்டு, டம்ளரை என் பக்கம் தள்ளுவாள். முதல் நாள் எதற்கென்று புரியாமலே குடித்துவிட்டேன். என் தொண்டையில் தண்ணீர் இறங்கி முடிக்கிறவரைக்கும் அவள் கண் அங்கேயே இருந்தது.

அவன் படத்துக்கு முன்னால் வைக்கிற மாதிரி எல்லா நாளும் ஒரு மடக்கு ஒதுக்குகிறாள் போலிருக்கிறது, பாவம் என்று நான் தங்கையிடம் சொன்னேன். தங்கை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் வராத நாட்களில் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, டம்ளரை நாக்கில் கவிழ்த்துத் தட்டுகிறாளாம்.

அடுத்த வியாழக்கிழமை டம்ளரை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன். உனக்கே பத்தாது, உதடு வெடித்துக் கிடக்கிறது, நீ குடி என்றேன். இத்தனை வருடத்தில் அவள் என்னை முதல் தடவையாக ஒரு அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"குடிங்க அண்ணாச்சி. மிச்சத்தக் குடிச்சுப் பழக்கந்தான உங்களுக்கு."

குடித்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், இப்போதும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.